கௌதமபுரத்தில் ஓர் ஆண்டு

அல்சூர் என்றதும் பெங்களூர்த் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவன சோமேசுவரர் கோயிலும், ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கமும், பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையுமே. அதே அல்சூரில் வேறொரு சிலையும் உண்டு என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? புத்தர், அம்பேத்கர், அன்னை தெரேசா ஆகிய மூவரோடு நான்காமவராக அங்கே நிற்பவர் பிரேசில் நாட்டுப் பந்தாட்டக்காரர் பெலே! இடம் கௌதமபுரம். ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் இறங்கி வழி கேட்டால், "புட்பால் ஆடுற இடமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுகிறார்கள்.

நாங்கள் முதன்முறை அங்கே சென்றது 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில். கத்தாரில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த நாட்கள். சந்துக்குச் சந்து மஞ்சளும் பச்சையுமாகக் கொடிகள், சுவரெல்லாம் ஓவியம், சிறு குழந்தைகளுக்கும் பத்தாம் எண் சட்டை. ஏதோ திருவிழாவிற்கு வந்துவிட்டோமோ என்று மயங்கினோம். திருவிழாதான், தேர் மட்டும் இல்லை. இரண்டு ஆள் அகலமே உள்ள ஒரு சந்தில், இரு செங்கற்களைக் கோல் கம்பமாக நிறுத்தி, ஆறு சிறுவர் ஆடிக்கொண்டிருந்தனர். பந்து எங்கள் காலடிக்கு வந்தது. எங்களுள் ஒருவர் அதை உதைக்க, அது நேரே ஒரு வீட்டின் தண்ணீர்க் குடத்தில் போய் விழுந்தது. வீட்டு அம்மையார் சினந்துகொள்ளவில்லை. பந்தை எடுத்துத் துடைத்து, "பாத்து அடிங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

இப்பகுதிக்குப் பந்தாட்டம் வந்த வழி நம் மக்கள் வந்த வழியோடு பின்னிக்கிடக்கிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, பட்டாளத்தோடு வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கூலியாட்களும், சமையற்காரரும், கொத்தரும், குதிரைக்காரரும் வந்து சேர்ந்தனர். மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரியை அடுத்தே உள்ளது. வெள்ளைச் சிப்பாய்கள் மாலையில் மைதானத்தில் பந்தாட, நம்மவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர்; வெளியே வந்து விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்தனர்; பிறகு தாமே ஆடத் தொடங்கினர். பூட்ஸ் வாங்க வழியில்லை, வெறுங்காலே போதுமானதாயிருந்தது.

அந்தக் காலின் வலிமையைப் பிறர் விரைவிலேயே அறிந்தனர். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பல்லாண்டுகள் ஆங்கிலப் பட்டாளக் குழுக்களே வைத்திருந்தன. 1937இல் அதை முதன்முதலாக வென்ற இந்தியக் குழு நம் தண்டுப் பகுதியின் பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றனர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். நம் வீரருள் பெரும்பாலோர் அன்று வெறுங்காலோடுதான் ஆடினர். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டு, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். தோற்ற ஆட்டம்தான், ஆனால் அதைச் சொல்லும்போது அல்சூர்ப் பெரியவர்களின் குரல் உயர்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

அவ்வாறு எங்களிடம் பேசிய ஒரு பெரியவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "படிச்சு வேலைக்குப் போகல சார், பந்து உதைச்சு வேலைக்குப் போனேன்" என்றார். இது அவருடைய தனிக் கதை அன்று. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற ஆலைகள் தமக்கெனக் குழு வைத்து, திறமையுள்ள இளைஞர்க்கு வேலையும் கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. மாதச் சம்பளம், மருத்துவ வசதி, ஓய்வூதியம் என்று ஒரு குடும்பமே அந்தக் காலைப் பற்றிக் கரையேறியது. அத்தகைய வேலைகள் இன்று அருகிவிட்டன. அப்படியிருந்தும் அப்பெரியவர் நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குப் பையன்களை எழுப்பிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறார். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பதினான்கு பேர், நான்கு பந்து, ஒன்பது ஜோடி பூட்ஸ். இதுதான் கழகம். பெயர்ப்பலகை கிடையாது, ஆதலால் நாங்களும் பெயர் எழுதவில்லை.

டிசம்பர் 9ஆம் நாள் இரவு குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றது. மறுநாள் அந்தச் சந்துகளில் எழவு வீட்டு அமைதி நிலவியதாகக் கேள்விப்பட்டோம். உண்மையான எழவு மாத இறுதியில் வந்தது. 29ஆம் நாள் பெலே காலமானார். செய்தி இங்கே எட்டியபோது நள்ளிரவு கடந்திருந்தது. நாங்கள் சென்று பார்த்தபோது சிலையின் கழுத்தில் மாலை, காலடியில் மெழுகுவத்தி. கடல் கடந்த மனிதருக்கு இவ்வளவு துக்கமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "அவரும் துணிப்பந்து ஆடினவருதானே" என்றான் ஒரு பையன். காலுறைக்குள் கந்தலும் காகிதமும் திணித்து ஆடியவர், சிறுவயதில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டவர் பெலே. அது அங்குள்ள குழந்தைகளுக்கும் பாடம்.

2023 மார்ச் 4ஆம் நாள் ரியாத் நகரில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம். மேகாலயாவை மூன்றுக்கு இரண்டு என்று கர்நாடகம் வென்றது. மைசூர் என்ற பெயரில் 1968-69இல் வென்றதற்குப் பின், ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த வெற்றி! பெரியவர் அன்று எங்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதே வாரத்தில் அவருடைய பையன்கள் அடுத்த பேட்டைக் குழுவோடு ஆடி ஆறு கோல் வாங்கினர். திருப்பி ஒன்றும் அடிக்கவில்லை. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுப்பினாராம்.

ஜூன், ஜூலையில் தெற்காசியப் பந்தயங்கள் கண்டீரவா அரங்கில் நடந்தன. பாகிஸ்தானுக்கு எதிரே சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்ததையும், ஜூலை 4ஆம் நாள் குவைத்தைப் பெனால்டியில் வென்று இந்தியா ஒன்பதாம் முறையாகக் கோப்பை ஏந்தியதையும் பலர் கண்டிருப்பீர்கள். நாங்கள் கௌதமபுரத்தில் கண்டது வேறு. கோல் காக்கும் பையனைக் காணவில்லை. அவனுடைய தந்தைக்கு உடல் நலமில்லை. ஆகவே பழக்கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நல்ல நெட்டையன், பந்து அவன் கைக்குத் தப்பாது. "முன்ன மாதிரி ஒரு ஆலை இருந்தா, மூணு வருஷம் பொறுத்துக்கோன்னு அவங்க அப்பாகிட்ட நான் சொல்லுவேன். இப்ப எதைக் காட்டிச் சொல்றது?" என்றார் பெரியவர். எங்களிடம் விடையில்லை. நகரத்தில் பெரிய தொழில்முறைக் குழு உண்டு. 2013இல் தோன்றி முதல் பருவத்திலேயே ஐ-லீக் வென்ற பெங்களூரு எப்.சி. அந்த வாயில் குறுகியது. நூறு பேர் முட்டினால் ஒருவர் நுழையலாம்.

பெரியவர் பழக்கடைக்காரரைப் போய்ப் பார்த்தார். கடை திறப்பது எட்டு மணிக்கு. ஏழரைக்குப் பையனை அனுப்பிவிடுவதாகச் சொல்லி வந்தார். பள்ளியில் அவன் பெயரை நீக்கிவிடாதபடி அங்கேயும் சென்று கேட்டார். இவ்வளவுக்கும் அவன் அவருக்கு உறவினன் அல்லன்.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் சென்றோம். சி டிவிஷனில் தொடங்கி சூப்பர் டிவிஷன் வரை ஏறும் நகர லீக் படிகளில் இக்குழு இன்னும் முதற்படியையும் தொடவில்லை. பதிவு செய்யவே பணம் வேண்டும். ஆயினும் மார்ச்சில் ஆறு கோல் கொடுத்த அதே பேட்டைக் குழுவோடு அன்று ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக ஆடினர். கோல் கம்பத்தின் கீழே நெட்டையன் நின்றான். பூட்ஸ் பதினொரு ஜோடியாகியிருந்தது. எங்களுடன் வந்த நண்பர் ஊருக்குத் திரும்பும் வழியில், தம் மகனுக்குச் சிறியதாகிப்போன ஒரு ஜோடி வீட்டில் சும்மா கிடப்பதாகச் சொன்னார். பன்னிரண்டாவது ஜோடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தது.