தாளால் ஒரு தலைக்கவசம்

காகிதத்தைப் படிக்கவும் திருத்தவும் மட்டுமே பழகிய எனக்கு, அதை அணியவும் முடியும் என்று காட்டியவன் என் மகன். கணினியில் அமைத்த முப்பரிமாண உருவத்தைத் தட்டையான துண்டுகளாக விரித்து, அச்செடுத்து, வெட்டி, மடித்து ஒட்டும் இம்முறையை ஜப்பானியர் 'பெபகுரா' என்கின்றனர். மூன்று வாரங்களில் கெட்டித்தாளில் தலைக்கவசம் ஒன்று எழுந்து நின்றது. ஆனால், விரலால் அழுத்தினாலே நசுங்கும்.

அதை இறுக வைப்பது ரெசின். ஹார்டனர் கலந்து வெளிப்புறம் மெல்லிய பூச்சாக இடவேண்டும். மிகுந்தால் தாள் ஊறி வளைந்துவிடும். காய்ந்தபின் உட்புறம் கண்ணாடியிழை பதித்து மீண்டும் பூச்சு. அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்குமாதலால், மொட்டைமாடியில், வடிகட்டி பொருத்திய முகமூடியுடன் வேலை செய்தோம்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியப் போர்வீரர்கள் இரும்புக் கவசத்தின்மேல் தாள்களை ஒட்டி உருவாக்கி, உருஷி மரப்பாலால் மெருகேற்றி, விசித்திர வடிவங்களை அணிந்தனர். 'ஹரிகாகே' என்பது அதன் பெயர். தலையைக் காத்தது இரும்பு. தாள் தந்தது தோற்றத்தை.

நால்வர் முன்னிலையில் வாய் திறக்கக் கூசும் என் மகன், கல்லூரி விழாவில் அக்கவசத்தை அணிந்து மேடையேறி, தடுமாறாமல் பேசினான். தோற்றமும் ஒருவகைக் காப்புதான் போலும்.