ஐந்து பாலம் தாண்டி அம்மாவுக்கு ஒரு லைசென்ஸ்!

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான். ஆனால், அந்தச் சின்னத் தூரத்துக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுவோம். அந்தச் சாலையில் நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் அடிக்கடி போய்வந்தோம். கோயிலுக்கு இல்லை, 46 வயதில் அம்மாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் எடுக்க!

எங்கள் ஊர் திருவையாற்றைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ராத்திரி எட்டரை டவுன் பஸ்ஸை விட்டால் மறுநாள் காலையில்தான். ஒருநாள் நடுராத்திரி அப்பாயிக்கு மூச்சுத்திணறல். அப்பா வெளியூரில், நான் சென்னையில். வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஆட்டோ வந்துசேர முக்கால் மணி நேரம். அப்பாயி பிழைத்துவிட்டார். ஆனால், அந்த முக்கால் மணி நேரத்தை அம்மா மறக்கவில்லை. நான் ஊருக்குப் போனதும் முதல் பேச்சே, "எனக்கு வண்டி கத்துக்குடுடி!"

குறுவைக்கு நாற்று விட்ட வாரத்தில் இ-சேவை மையத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்தோம். 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆனால், கையில் கிடைத்து 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டிக்காட்டப் போக முடியும். "அதுக்குள்ள நாத்தே பறிச்சு நட்டுடலாம்" என்று சிரித்தார் அம்மா.

சும்மா காத்திருக்கவில்லை. சாயங்காலமானால் களத்தில் உமியைக் கொட்டி 'எட்டு' வரைவோம். 'எல்' போர்டு மாட்டிய வண்டியில் அம்மா சுற்றுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே வேடிக்கை பார்க்கும்.

36-வது நாள் தஞ்சாவூரில் டெஸ்ட். பாதி எட்டில் அம்மா காலை ஊன்றிவிட்டார். அவ்வளவுதான், ஃபெயில். திரும்பும் வழியில் ஐந்து பாலத்திலும் பேச்சே இல்லை.

தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தோற்றால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். 45-வது நாள் மறுபடி போனோம். இந்த முறை கால் தரையைத் தொடவே இல்லை.

தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸ் கார்டு தபாலில்தான் வீடு தேடி வருகிறது. 54-வது நாள் தபால்காரர் வந்தார். குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர். அது பாதி வளர்வதற்குள் லைசென்ஸ் வந்துவிட்டது!

'நம்ம ஊருக்குள்ள ஓட்ட லைசென்ஸ் எதுக்கு?' என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்பதைவிட, ஏதாவது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகிவிடும் என்பதுதான் பெரிய விஷயம்.

30 முதல் 50 வயதுக்குள் லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு அது பத்து வருடம் செல்லும். "அம்பத்தாறு வரைக்கும் கவலையில்ல" என்று கணக்குப் போட்டார் அம்மா.

அன்று சாயங்காலமே அப்பாயிக்கு மாத்திரை வாங்கத் தஞ்சாவூர் கிளம்பினோம். வண்டியை எடுத்தவர் அம்மா, பின்னால் நான். காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் பாலத்தில் வேடிக்கை பார்க்கும் அம்மா, அன்று ரோட்டை மட்டுமே பார்த்தார்.