பிழை வரும் வழி

'இயற்க்கை எய்தினார்.' பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், இந்த வரி எப்படியும் வந்து சேர்ந்துவிடும். இறந்தவரின் படம், கீழே ஊர்ப்பெயர், அடக்கம் நடக்கும் நேரம், நடுவில் இந்த வரி. அச்சகத்துக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போகிற அறிவிப்புகளைப் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். நான் அதிகம் எடுத்துப்போட்ட எழுத்து எது என்று கேட்டால் இந்த 'க்'கைத்தான் சொல்வேன். அதற்க்கு, முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை எல்லாம் இதே குடும்பம்.

இதைக் கவனக்குறைவு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதியவர் தன் காதுக்கு உண்மையாக இருந்திருக்கிறார். சொல்லின் நடுவே தனித்து வரும் 'க' நம் வாயில் மென்மையாகத்தான் ஒலிக்கிறது: பகல், முகம். அழுத்தி ஒலிக்க வேண்டுமானால் பக்கம், வெக்கை என்பதுபோல் முன்னால் ஒரு மெய் தேவைப்படுகிறது. இயற்கை என்று சொல்லும்போது 'கை' அழுத்தமாகக் கேட்கிறது. உடனே ஒரு 'க்' சேர்த்துவிடுகிறார். போதாததற்கு வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை என்று அந்த இரட்டிப்பு சரியாகவே அமைந்த சொற்கள் தினமும் கண்ணில் படுகின்றன. வளர்ச்சிக்கு 'ச்' உண்டென்றால் முயற்சிக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்விதான்.

ஈரொற்று மயக்கம் என்று பள்ளியில் ஒரு பாடம் இருந்தது. தமிழில் ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்கள் மட்டுமே தம் பின்னால் இன்னொரு மெய்யையும் நிற்க விடும். வாய்க்கால், வளர்ச்சி, வாழ்க்கை. ற், ட் இரண்டும் தாமே வல்லினம். அவற்றை அடுத்து வரும் வல்லின எழுத்து தானாகவே அழுத்தம் பெற்றுவிடுகிறது, துணைக்கு ஆள் வேண்டியதில்லை. முயற்சி, கற்பனை, வெட்கம், திட்பம். அச்சகத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளைகளிடம் ஈரொற்று என்று ஆரம்பித்தால் முகம் வாடிவிடுகிறது. அதனால் சுருக்கிச் சொல்கிறேன்: 'ற்' வந்துவிட்டால் அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு புள்ளி எழுத்து வராது. இதைக் கேட்ட பிள்ளைகள் மறப்பதே இல்லை. விதி பழையதுதான், இப்படிப் பிடித்துக்கொள்வது எளிதாக இருக்கிறது.

ஒவ்வொரு பிழைக்கும் இப்படி ஒரு பிறப்பிடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் கோடு போட்டால் அடுத்த வாரம் அதே ஆள் அதே பிழையோடு வருவார்.

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் என்ற சொல்லில் 'ற்' எங்கிருந்து வந்தது? நம் பேச்சு வழியாக வந்தது. காற்றில் என்பதை நாம் 'காத்துல' என்கிறோம், ஆற்றில் என்பதை 'ஆத்துல' என்கிறோம். ஆகவே எழுதும்போது 'த்து' வந்தால் அதை 'ற்று' ஆக்க வேண்டும் என்று மனம் பழகியிருக்கிறது. சுவரையும் 'செவுத்துல' என்றுதான் பேசுகிறோம். எழுத உட்கார்ந்ததும் அதே கணக்கைப் போட்டுச் 'சுவற்றில்' ஆக்கிவிடுகிறோம். ஆறு, காற்று, சோறு என்று 'று'வில் முடியும் சொல்லுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். சுவர் 'ர்'இல் முடிகிறது. தேர், தேரில். ஊர், ஊரில். சுவர், சுவரில். தன் பேச்சைத் திருத்தமான தமிழாக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளவரிடம்தான் இந்தப் பிழை பிறக்கிறது. அந்த அக்கறையை மதித்துத்தான் திருத்த வேண்டும்.

'பட்டாக்கள் வழங்கப்பட்டது', 'மாடுகள் காணவில்லை, கிடைத்தது என்றால் தெரிவிக்கவும்' என்பவையும் பேச்சிலிருந்து வந்தவை. பேச்சில் 'மாடுங்க வந்துச்சு' என்றே நாம் எல்லோரும் சொல்கிறோம். எழுத்துக்கு வரும்போது பட்டாக்கள் வழங்கப்பட்டன என்று ஆக வேண்டும்.

காதிலிருந்தும் நாவிலிருந்தும் வரும் பிழைகள் காலங்காலமாக இருப்பவை. விரலிலிருந்து வரும் பிழை புதியது, என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் விசைப்பலகைதான் இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே 'எல்'தான். பழம் என்று நினைத்துத் தட்டுகிறவருக்குப் பலம், பழம், பாலம் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் விரல் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறது. 'பச்சைமலைத் தென் கிடைக்கும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. தேன் விற்கிறவர், பாவம், தென் விற்கிறார்.

ஊர்ப்பெயர்களில்தான் இந்த விபத்து அதிகம். கீழப்பழுவூர் 'கீலப்பலுவூர்' ஆகிறது. திருமழபாடி 'திருமலபாடி' ஆகிறது. தா.பழூர் 'தா.பலூர்' ஆகிறது. மூன்றும் அரியலூர் மாவட்டத்து ஊர்கள், மூன்றிலும் உயிர் 'ழ'வில் இருக்கிறது. பழு என்றால் ஆலமரம். கீழப்பழுவூர்க் கோயிலில் இறைவனுக்கு ஆலந்துறையார் என்று பெயர். சோழர் காலத்தில் பழுவேட்டரையர் இருந்து ஆண்ட ஊர்ப் பகுதியும் இதுதான். மழபாடி மழவர் தங்கிய பாடி என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஓர் எழுத்து மாறினால் ஆலமரமும் போயிற்று, மழவரும் போனார்கள். பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர் இருக்கிறது. மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும் திறக்கும் என்று பகிரப்படும் செய்திகளில் அது 'சிருவாச்சூர்' என்று போகிறது. 'சிறு' என்ற சொல்லை நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஆர்' ஒன்றுதானே.

இதைத் திருத்தச் சொன்னபோது அச்சகத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, கூகுளே இப்படித்தானே காட்டுது" என்றார்.

"கூகுளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு தம்பி? நாமதானே தட்டித் தட்டிப் போட்டோம்" என்றேன்.

அதுதான் உண்மை. தாளில் ஒரு பிழை இருந்தால் படிப்பவர் கண் அதைச் சரிசெய்துகொண்டு போய்விடும். இணையத்தில் எழுத்துக்கூட்டுதான் முகவரி. ஆயிரம் பேர் தவறாக எழுதினால் அந்தத் தவறே முதலில் வந்து நிற்கிறது, அடுத்து எழுதுகிறவர் அதைப் பார்த்து எழுதுகிறார். 2020 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. புதிய ஆங்கில வடிவங்களைப் பற்றி எத்தனையோ பேர் விவாதித்தார்கள். அந்த ஊர்களின் பெயர் தமிழில் சரியாக எழுதப்படுகிறதா என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை என்பது என் ஆதங்கம்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. கோயில் அறிவிப்பில் வரும் பௌர்ணமியைப் பாருங்கள். பெளர்ணமி என்று எழுதினாலும் பார்ப்பதற்கு அதேபோல்தான் இருக்கும். முதலாவதில் 'ப' என்ற எழுத்தோடு ஔகாரக் குறி சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் 'பெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஔகாரத்தின் பின்பாதி 'ள' போலவே இருப்பதால் வரும் குழப்பம் இது. ஔவையாரை 'ஒ', 'ள' என்று தட்டுவதும் இதே கதை. கௌரவம், மௌனம், சௌந்தரம், வௌவால் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. ஓர் ஆவணத்தில் பௌர்ணமி என்று தேடினால் தவறாகத் தட்டியவை அகப்படாது. பார்வையற்றவர்கள் கைப்பேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்போது அது 'பெ-ளர்-ணமி' என்று வாசிக்கும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் குறிமுள்ளை வைத்து ஒரு முறை அழித்துப் பாருங்கள். 'பெ' மிஞ்சினால் தவறு, 'ப' மிஞ்சினால் சரி. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆர்வம், பழைய கோப்புகளைத் திறந்து தாங்களாகவே தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

எழுத்து வடிவத்தில் வரும் குழப்பத்தைத் தீர்க்க அரியலூர் மாவட்டத்திலேயே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். கொள்ளிடக் கரையில் திருமானூருக்கு அருகே ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680இல் பிறந்து வீரமாமுனிவராக ஆன கான்ஸ்டான்சோ பெஸ்கி அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பி வாழ்ந்தார். அவருக்கு முன்னால் ஓலையில் கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்புதான். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். கல்வெட்டிலும் புள்ளி அரிது. தென்னா தேனா, கொடா கோடா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பின் மேலே ஒரு சுழியைக் கூட்டினார். குறிலும் நெடிலும் பிரிந்தன. அந்த ஒரு சுழியால் எத்தனை ஐயம் தீர்ந்தது! சதுரகராதி என்ற அகராதியை 1732இல் தந்தவரும் அவர்தான். பச்சைமலைத் தேனைத் தென் ஆக்கிய அறிவிப்பைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு ஏலாக்குறிச்சிதான் நினைவுக்கு வந்தது. அவர் பிரித்து வைத்ததை நம் அவசரம் மறுபடி ஒன்றாக்குகிறது. அந்த ஊர்ப் பெயரைக்கூட ஏலாக்குரிச்சி என்று எழுதுகிறார்கள் என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஒற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. எங்கே மிகும், எங்கே மிகாது என்பதற்கு அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' போன்ற நூல்கள் விரிவாக இருக்கின்றன, அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஒரு பெயர் போதும்: கங்கைகொண்ட சோழபுரம். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழா பெரிதாக நடந்து பிரதமரும் வந்துபோனார். அப்போது இந்தப் பெயர் 'கங்கைக்கொண்ட', 'கங்கைகொண்டச் சோழபுரம்', 'கங்கைக் கொண்டச் சோழபுரம்' என்று பல கோலங்களில் கைப்பேசிகளில் ஓடியது. கங்கையைக் கொண்ட என்று 'ஐ' வெளிப்படையாக இருந்தால் 'க்' வரும். அந்த 'ஐ' மறைந்து கங்கைகொண்ட என்று வினையோடு சேர்ந்தால் வராது. நீரைக் குடித்தான், நீர் குடித்தான். அப்புறம் 'கொண்ட' என்பது பெயரெச்சம், வந்த பையன், கண்ட காட்சி என்பதுபோல் அதன் பின்னால் ஒற்று வராது. ஆக இந்தப் பெயரில் இரண்டு இடத்திலும் ஒற்று இல்லை. அதே அறிவிப்பில் ஆடித் திருவாதிரைக்கு வேண்டிய 'த்' காணாமல் போயிருக்கும். ஒற்றுப் போட்டால்தான் நல்ல தமிழ் என்று யாரோ சொல்லக் கேட்டு, சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தெரியாத இடத்தில் போடாமல் விடுவது மேல். விடுபட்ட ஒற்றைப் படிப்பவர் தாமே கூட்டிப் படித்துவிடுவார், வேண்டாத ஒற்று பொருளையே மாற்றிவிடும். செடிகொடி என்றால் செடியும் கொடியும். 'செடிக்கொடி' என்றால் என்ன கொடி?

நான் தொடாத இடங்களும் உண்டு. "மழ பேஞ்சா மக்காச்சோளம் வெதச்சிரலாம்" என்று ஒரு விவசாயி தன் குழுவில் எழுதினால் அதில் பிழையே இல்லை. அது பேச்சு, அதற்குரிய அழகோடு இருக்கிறது. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கும் நான் போவதில்லை. இரண்டு பக்கமும் தமிழ் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் வாழ்த்துகள் என்று எழுதுவேன், அடுத்தவர் 'க்' போட்டிருந்தால் விட்டுவிடுவேன். பிழை திருத்துகிறவருக்கு எதைத் திருத்தக்கூடாது என்பதில் தெளிவு வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் முன்னால் ஒருவருடைய எழுத்தைக் குறைசொல்லி அவர் தமிழில் எழுதுவதையே நிறுத்திவிடும்படி செய்துவிடுவோம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. இரங்கல் அறிவிப்பு என்றால் இன்னும் பதமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது தம்பி மகனோ அக்கா மகனோ தட்டி அனுப்பியது அது. "பெயரை ஒருமுறை சொல்லுங்க" என்று கேட்பேன். கணேசனா கனேசனா, சௌந்தரமா செளந்தரமா என்பதைச் சரிபார்த்து, அந்த 'க்'கை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

இப்போது நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப் பிழைகளைக் காட்டும், நாவி சந்திப் பிழைகளைக் காட்டும். இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன், எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் 'பலம் விற்பனைக்கு' என்பதைக் கருவியிடம் மட்டும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் பலமும் சொல்தான். சிற்றூர்ப் பெயர்களும் கருவிக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதற்காக வட்டம் வட்டமாக ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கோயில் கல்வெட்டு படித்திருந்தால் அதோடு ஒப்பிட்டு எழுதுவது. ஜெயங்கொண்டம், செயங்கொண்டம் என இரண்டும் வழங்கும் இடத்தில் அந்த ஊர்க்காரர் எழுதுவதையே எடுத்துக்கொள்கிறேன். லப்பைக்குடிகாட்டுக்கு 'லெ' போட வேண்டும் என்று அந்த ஊர் நண்பர் ஒருவர் வாதாடுகிறார், அது இன்னும் முடிவாகவில்லை. குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டங்கள் ஓரளவு முடிந்துவிட்டன. அச்சகத்துக் கணினிகளில் அந்தப் பட்டியலை ஏற்றியாயிற்று, பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் சரியான வடிவம் வந்துவிடும். அடுத்து ஆண்டிமடம், உடையார்பாளையம் பக்கத்துச் சிற்றூர்கள்.