கயிறு பிடித்தவன்

பாண்டியரின் துறைமுகமாய்ப் புகழ்பெற்றிருந்த கொற்கையை விட்டுக் கடல் விலகிப் பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. தாமிரபரணி கொணர்ந்த வண்டலில் இன்று நெல்லும் வாழையும் விளைகின்றன. எனினும் முத்துக்குளித்த முன்னோர் விட்டுச்சென்ற பாடம் ஒன்று இம்மண்ணில் இன்னும் இருக்கிறது. ஆழத்தில் மூழ்குபவனுக்கு மூச்சடக்கும் திறமை வேண்டும். ஆனால் அவன் உயிரோடு மீள்வது தோணியில் கயிறு பிடித்திருப்பவனின் விழிப்பைப் பொறுத்தது. உடன்பிறந்தாளின் தாலியை நினைத்தேனும் கைநழுவ விடான் என்று, மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பார்களாம்.

இப்பாடத்தை நாம் கடலில் கற்கவில்லை. கால்பந்துத் திடலில் கற்றோம். அதையும் தவறு செய்தே கற்றோம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டார இளைஞர் குழு ஒன்றுக்கு நாம் பயிற்சியளித்து வந்தோம். பயிற்சிக்கு வராதவனுக்குப் போட்டியில் இடமில்லை என்பது நாமே வகுத்த விதி. குழுவில் ஒருவன் இருந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டது போல ஓடும். அவன் ஆட்டத்தைக் காணவே அயலூரார் வருவர். இறுதிப் போட்டிக்கு முந்திய இரு வாரங்கள் அவன் திடல் பக்கமே வரவில்லை. அவனிடத்தில் மற்றொருவன் நாள் தவறாமல் பயின்றான். வயல்வேலை முடித்து, சேறு படிந்த காலோடு ஓடிவருவான். திறமை நடுத்தரம், ஆனால் தன் இடத்தை விட்டு ஓரடி நகரமாட்டான்.

போட்டியன்று முன்னவன் வந்து நின்றான். வெற்றி ஆசை எம் கண்ணை மறைத்தது. விதியை மறந்து அவனை இறக்கினோம். மற்றவனை வெளியே அமரச் செய்தோம். வந்தவன் அழகாகத்தான் ஆடினான். ஆனால் யாருக்கும் பந்தைத் தரவில்லை. பந்தை இழந்தபோது திரும்பி ஓடவுமில்லை. அவன் விட்ட இடைவெளி வழியே இரு கோல்கள் விழுந்தன, தோற்றோம். தோல்வி சில நாளில் மறந்துபோயிற்று. வெளியே அமர்ந்திருந்தவன் அதன்பின் திடலுக்கு வரவேயில்லை. அதுதான் மறக்கவில்லை.

பின்னாளில் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் வரலாற்றைப் படித்தபோது எம் பிழை தெளிவாக விளங்கிற்று. இந்தியக் குழு முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாட்ட வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். பழகிய இடத்தை விட்டு, கட்டுப்போட்ட தலையுடன் அவர் ஆடினார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில், பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் அடித்த கோல்களால் அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது.

அதைவிட எம்மைத் தொட்டது வேறொரு செய்தி. அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். காய்ச்சலிலிருந்து மீண்ட நெடிய உருவினரான பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் அவ்விடத்தில் நின்றார். பர்மன் வெளியே இருந்தார்.

அங்கும் ஒருவர் வெளியே இருந்தார். இங்கும் ஒருவன் இருந்தான். வேறுபாடு எங்கே? ரஹீம் செய்தது குழுவின் தேவைக்காக. நாம் செய்தது ஒருவனின் புகழுக்கு அஞ்சி, எம் சொல்லையே நாம் மீறியது. ஒழுங்கு ஆட்டக்காரனுக்கு மட்டும் உரியதன்று. முதலில் அது பயிற்சியாளனைக் கட்ட வேண்டும். வெளியே அமர்த்தப்படுபவனும் நியாயமென ஏற்கத்தக்கதே ஒழுங்கு. அந்த நியாயம் இருந்தால் நடுத்தரத் திறமையும் பத்துப் பேருக்குத் துணையாகும். அது இல்லையேல் பெருந்திறமையும் தனித்துப் போகும்.

திறமையை நாம் இகழவில்லை. மூழ்குபவன் இல்லாமல் முத்து ஏது? ஆனால் கயிறு பிடித்தவனின் கையைத் தட்டிவிட்டு முத்துக்கு ஆசைப்பட்டோமே, அதுவே எம் பிழை.

அவனை அண்மையில் வாழைத் தோட்டத்து வரப்பில் கண்டோம். "அன்று உன்னைத்தான் ஆட வைத்திருக்க வேண்டும்" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "இப்பவாவது சொன்னீங்களே, சார்" என்றான். முப்பது ஆண்டுகள் தாமதமாயினும், கயிற்றின் ஒரு முனையை மீண்டும் அவன் கையில் தந்தது போலிருந்தது.