வேலிக்கு உள்ளே ஒரு சாகா

பழைய கார் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, பழைய இரும்புக் கடை. இன்னொன்று, வசதியானவர் வீட்டில் துணி போர்த்திய வண்டி நிற்கும் கூடம். இந்த இரண்டுக்கும் நடுவே பழைய காருக்கு மூன்றாவதாக ஒரு வாழ்க்கையும் உண்டு. அது பந்தயத் தடத்தில் ஓடுவது.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கிள்ளான் காப்பார் சாலைப் பக்கம் சிறியதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் காருக்கு அடியில் கிடப்பேன். ஆண்டுக்கு மூன்று, நான்கு வார இறுதிகளில் மட்டும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, 1988-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவை சிப்பாங் தடத்தில் ஓட்டுவேன். வீட்டு அலமாரியில் கோப்பை ஏதும் இல்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்காத சொந்தக்காரரும் இல்லை.

கேட்காதவர் ஒருவர்தான். என் அப்பா.

அப்பா பிறந்து வளர்ந்தது பத்து தீகா பக்கத்துத் தோட்டத்தில். இன்று கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலமுக்கும் சுபாங்குக்கும் நடுவே பத்து தீகாவைக் கடக்கும் இளைஞர்களுக்கு, அங்கே ஒரு பந்தயத் தடம் இருந்ததே தெரியாது. மலேசிய கிராண்ட் பிரிக்ஸ் என்ற பெயரில் பந்தயம் தொடங்கியது 1962-இல், சிங்கப்பூரின் தாம்சன் சாலையில். சிங்கப்பூர் பிரிந்துபோன பிறகு நமக்கென்று ஒரு தடம் வேண்டியிருந்தது. ரப்பரும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில், 1968-இல் பத்து தீகா தடம் திறக்கப்பட்டது. 1985-இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியும், 1990-களில் உலக மோட்டார் சைக்கிள் போட்டியும் அங்கே நடந்தன. சிப்பாங் வந்தபின் அதன் மவுசு போனது. 2003 வாக்கில் தடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வீடுகள்.

அந்தத் தடம் திறந்தபோது அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. "சத்தம் லயத்துக்கே கேக்கும்டா. பால் வெட்டிட்டு வந்து குளிச்சிட்டு ஓடுவோம். டிக்கெட்டுக்குக் காசு ஏது? வேலிக்கு வெளிய மரத்துல ஏறி உக்காந்து பார்ப்போம்" என்பார். எந்த வண்டி வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். தோட்டம் கைமாறிய பிறகு கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போனார். கார் பந்தயம் அவருக்குக் கடைசிவரை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற ஒன்றாகவே இருந்தது.

1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேதான் அதற்கு அடிப்படை. ஆனாலும் ஷா ஆலமில் செய்த நம் நாட்டுக் கார் என்று பெருமையோடு வாங்கினார்கள். அப்பாவும் மூன்று ஆண்டு கழித்துத் தவணையில் ஒன்று வாங்கினார். 1.3 லிட்டர் இயந்திரம், கார்புரேட்டர், ஏறத்தாழ எழுபது குதிரைத்திறன். என் இரண்டு அக்காமாரும் கல்யாணத்தன்று அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனார்கள். அம்மாவைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். அப்பாவுக்குக் கண்புரை வந்து ஓட்டுவதை நிறுத்தியபின், ரம்புத்தான் மரத்தடியில் ஆறு வருடம் நின்றது. இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டுப் போனார்.

வெளிநாடுகளில் பழைய கார் பந்தயம் பெரிய விஷயம். இங்கிலாந்தில் 1966-இல் மூடிய குட்வுட் தடத்தை 1998-இல் மீண்டும் திறந்து, அந்தக் காலத்துக் கார்களையே இன்றும் ஓட்டுகிறார்கள். ஒரு காரின் விலைக்குக் கிள்ளானில் ஒரு கடை வரிசையையே வாங்கிவிடலாம். நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே 'சாகா கப்' என்று பழைய சாகாக்களுக்கென்றே பந்தயப் பிரிவு உண்டு. பட்டறைக்காரர், ஆசிரியர், டெலிவரி ஓட்டுநர் எல்லாரும் ஓட்ட வருகிறார்கள். சம்பளக்காரனும் எட்டிப் பிடிக்கக்கூடிய பந்தயம் என்றால் இதுதான்.

எட்டிப் பிடிக்கலாம் என்பதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் பட்டறையின் இரண்டு வார இலாபம் போய்விடும். முதலில் காரின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். கார் உருண்டாலும் கூரை நசுங்காதபடி இரும்புக் குழாய்க் கூண்டு, பந்தய இருக்கை, தோளையும் இடுப்பையும் கட்டும் வார், தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை எல்லாம் வேண்டும். பின் இருக்கையைக் கழற்றிய அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் அது வீட்டு வாசல் தாழ்வாரத்தில் இரண்டு மரக்கட்டைமேல் இருந்தது. இன்றைக்கும் மாலைத் தேத்தண்ணீர் குடிப்பது அதில் உட்கார்ந்துதான்.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குத் தானும் வருவதாக அப்பாவே சொன்னார். எழுபத்தொன்பது வயதில் முதல் தடவையாகப் பந்தயத் தடத்துக்குள் நுழையப் போகிறார்.

சனிக்கிழமை வெள்ளன லாரியில் சாகாவை ஏற்றிக்கொண்டு பந்திங் வழியாகப் புறப்பட்டோம். கூட வந்தது என் பட்டறைப் பையன். பத்தொன்பது வயது. ஒட்டுக்கடையில் நாசி லெமாக் வாங்கி லாரியிலேயே பசியாறினோம். எட்டு மணிக்கு வாகனப் பரிசோதனை. வார் தையல், பிரேக் எண்ணெய்க் குழாய், தீயணைப்பான் முள், தலைக்கவசத்தின் தரச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை என்றால்கூடத் தடத்துக்குள் விடமாட்டார்கள்.

சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர். பதினைந்து வளைவுகள். 2017-இல் வெட்டல் ஃபெராரியில் ஒரு சுற்றை 1 நிமிடம் 34 வினாடியில் முடித்தார். எங்கள் சாகாவுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஃபார்முலா ஒன் கார் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய நேர்த்தடத்தில் நாங்கள் 150-ஐத் தொட்டால் பெரிது. ஆனால் வேகம் குறைந்த காரை ஓட்டுவதுதான் கடினம். குதிரைத்திறன் உள்ள கார் வளைவில் இழந்த வேகத்தை வெளியே வந்ததும் மீட்டுவிடும். சாகாவால் முடியாது. முதல் வளைவில் ஒரு நொடி கூடுதலாகப் பிரேக் மிதித்தால், நாலாம் வளைவின் ஏற்றம் வரைக்கும் அதற்கு வட்டி கட்ட வேண்டும். அதனால் கை, கால் எல்லாம் மெதுவாகவே வேலை செய்ய வேண்டும். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. முன் டயர் கிறீச்சிட்டால் வேகம் போகிறது என்று பொருள். முன்னும் பின்னும் இருபது சாகாக்கள் ஒரே சத்தத்தில் கத்தும்போது, நம் இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

சனிக்கிழமை மதியம், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டத்தில், நாலாவது சுற்றில் சூட்டு முள் பாதியைத் தாண்டி மேலே போனது. உடனே உள்ளே வந்துவிட்டேன். பதினான்காவது இடம் கிடைத்தது. மூடியைத் திறந்து பார்த்ததில் கேஸ்கெட் போகவில்லை. ரேடியேட்டர்தான். முப்பது வருடத்துக் கசடு கீழ்க் குழாய்களை அடைத்திருந்தது. பழைய காரில் இது வழக்கம். கழுவிச் சுத்தம் செய்தாலும் பாதிதான் திறக்கும்.

சாகாவின் இயந்திரத் தலைப்பகுதி அலுமினியம். ஒரே ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடானாலும் வளைந்துவிடக்கூடும். மோசமாக வளைந்தால் வேறு இயந்திரம்கூடப் போட வேண்டிவரலாம். வேறு இயந்திரம் கிடைக்காமல் இல்லை. ஆனால் இது 1988-இல் அப்பா தவணை கட்டி வாங்கிய அதே இயந்திரம். இந்தப் பந்தயத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பையன்தான், "அண்ணே, மேரு பக்கம் ஒருத்தர்கிட்ட பழைய இஸ்வாரா ரேடியேட்டர் இருக்கு, கேக்கட்டுமா?" என்றான். இரவு ஒன்பது மணிக்குக் கிள்ளானுக்குத் திரும்பி, அதை வாங்கி, தண்ணீர் ஒழுகுகிறதா என்று சோதித்து, மறுபடி சிப்பாங் போய் மாட்டி முடிக்க விடியற்காலை மூன்று மணி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் அப்பாவை அழைத்து வந்தான். வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பிட் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இளைஞர்கள் பலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இது உங்க காடியா?" என்று கேட்டார்கள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. சிப்பாங் மழை விளையாட்டில்லை. 2009-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே 56 சுற்று ஓடவிடாமல் இடையில் நிறுத்தி, அரைப் புள்ளி கொடுக்க வைத்த மழை அது. நல்லவேளை, எங்கள் பந்தயம் மழைக்கு முன்பே தொடங்கியது.

எட்டுச் சுற்று. முதல் இரண்டு சுற்றில் மூன்று கார்களைத் தாண்டிப் பதினொன்றாவது இடத்துக்கு வந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிவப்புச் சாகா. நேர்த்தடத்தில் முன்னால் போகும் காரின் முதுகோடு ஒட்டிப் போனால், காற்றை அது கிழித்துக்கொடுக்கும். நம் கார் கூடுதலாக நாலைந்து கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். கடைசி வளைவான பதினைந்தாம் வளைவில் அவரைத் தாண்டிவிடலாம் என்று மூன்று சுற்று அப்படியே ஒட்டிப் போனேன். ஆனால் ரேடியேட்டருக்கு வர வேண்டிய காற்றையும் அந்தக் கார் மறைத்துக்கொள்ளும். ஆறாவது சுற்றில் முள் மறுபடி ஏறத் தொடங்கியது.

ஒட்டியே போனால் பத்தாவது இடம் கிடைக்கலாம். விலகினால் முள் இறங்கும், வேகமும் இறங்கும். பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. நான் விலகினேன். தடத்தின் இடது ஓரமாக, முகத்துக்கு நேரே காற்று வாங்கும்படி போனேன். இரண்டு காரும் என்னைத் தாண்டிப் போயின. முள் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு இறங்கியது. கட்டம் போட்ட கொடியைப் பதின்மூன்றாவதாகக் கடந்தேன்.

கூடத்துக்குள் வந்து இயந்திரத்தை அணைத்ததும் அப்பா எழுந்து வந்தார். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஆறாவது சுத்துல சத்தம் மாறிச்சு. அப்புறம் சரியாயிடுச்சி. நீ ஓரம் கட்டினியா?" என்றார். கண்புரை அறுவைக்குப் பிறகும் தூரத்துக் கார் எது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. இருபது சாகா சத்தத்தில் தன் சாகாவின் சத்தம் மட்டும் தெரிந்திருக்கிறது.

நம் ஆட்களுக்கு இந்த விளையாட்டில் பெயர் இல்லாமல் இல்லை. 2002-இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் ஓட்டி, தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். 2005-இல் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் சிப்பாங்கில் ஃபார்முலா ஒன் ஓட்டி, பதினோராவதாக முடித்தார். அன்று நான் புல்மேட்டில் நின்று தொண்டை வற்றக் கத்தினேன். ஆனால் நம் பையன்களில் பலருக்கு வேகம் என்றால் இன்றும் நள்ளிரவில் நெடுஞ்சாலைதான். என் பட்டறைப் பையனும் அப்படிப் போனவன்தான். அவனுடைய நண்பன் ஒருவன் போன வருடம் அப்படிப் போய்த் திரும்பி வரவில்லை. பதினெட்டு வயது. சாலையில் மஞ்சள் கொடி காட்ட ஆள் கிடையாது. வழுக்கினால் தாங்கிக்கொள்ளச் சரளை மண் கிடையாது. எதிரே பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வரலாம். தடத்தில் எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறோம். ஒவ்வொரு வளைவிலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் நிற்கிறார்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வேகத்தில் ஆசையுள்ள பிள்ளையிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், அவன் உங்களுக்குத் தெரியாமல் போவான். தடத்துக்குள் வர முதலில் கார் தேவையில்லை. கொடி பிடிக்க, விழுந்த காரை அப்புறப்படுத்த, பந்தயங்களில் எப்போதும் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள். பயிற்சியும் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரைவிட நெருக்கமாக நின்று பந்தயத்தைப் பார்க்கலாம். விபத்து எப்படி நடக்கிறது என்பதையும் அங்கே நின்றால்தான் கண்ணால் பார்க்க முடியும்.

என் பட்டறைப் பையன் பெயர் கொடுத்துவிட்டான். அடுத்த பந்தய வாரத்தில் எனக்குக் கார் தள்ள ஆள் இல்லை. அவன் ஆரஞ்சு உடுப்பு போட்டு, ஏதோ ஒரு வளைவில் கொடியோடு நிற்பான். அப்பா தானும் வருவதாகச் சொல்லி, இப்போதே நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.