காரா ஓட்டினது, நானா?

போன ஒக்டோபர் லோங் வீக்கெண்டுக்கு மொன்றியல் போயிருந்தோம். சித்தி வீட்டில் ஒரு சாமத்தியவீடு. திங்கட்கிழமை மத்தியானம் ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மனைவி முன் சீட்டில் நல்ல நித்திரை. பின்னால் 15 வயது மகளும் 9 வயது மகனும்.

கோர்ன்வால் தாண்டினால் 401 எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. நேர் ரோட்டு. வழக்கம்போல காரின் உதவி வசதியைப் போட்டுவிட்டேன். முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். லேன் கோடுகளுக்கு நடுவில் நிற்க ஸ்ரியரிங்கைத் தானே திருப்பும். ஒரு வருசமாகப் பாவிக்கிறேன். ஒரு நாளும் பிழை விட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயம் விட்டுப் போயிருந்தது.

கிங்ஸ்டனுக்குக் கிட்ட ரோட்டு வேலை. பழைய கோட்டை அழித்த அடையாளம் ஒரு பக்கம், புதுக் கோடு இன்னொரு பக்கம், ஓரமாக ஒரேஞ்ச் கோன்கள். அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. கையில் எடுத்தேன். "எங்க நிக்கிறீங்கள்?" என்று சித்தி கேட்டிருந்தா.

"அப்பா!"

மகளின் சத்தத்தில் நிமிர்ந்தேன். கார் அழித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு கோன்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரியரிங்கை வெட்டித் திருப்பினேன். பக்கத்தில் வந்த ட்ரக் நீளமாக ஹோர்ன் அடித்தது. ஒரு கோன் பம்பரில் பட்டுப் பறந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

என் வாயிலிருந்து முதலில் வந்தது, "இந்தக் கார் என்ன செய்யுது பார்!"

"கார் இல்லை அப்பா. நீங்கள்தானே ட்ரைவர்?" என்றாள் மகள். மகன் அழத் தொடங்கிவிட்டான்.

வீட்டில் மகன் "கிளாஸ் உடைஞ்சிட்டுது" என்று வந்து நின்றால், "உடைஞ்சதோ, உடைச்சனியோ? வடிவாச் சொல்லு" என்று கேட்கிற ஆள் நான். தமிழில் ஒரு எழுத்தில் பொறுப்பு மாறிவிடும் என்று பாடம் வேறு நடத்துவேன்.

அன்று இரவு காரின் கையேட்டை எடுத்து முதல்தடவையாக ஒழுங்காக வாசித்தேன். தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் கார்களில் இருக்கும் இந்த வசதி பெரும்பாலும் 2ஆம் நிலை. ஸ்ரியரிங்கும் வேகமும் கார் பார்க்கும். ரோட்டைப் பார்ப்பது ட்ரைவரின் வேலை. ட்ரைவர் நான்தான், கார் இல்லை. 100 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் குனிந்திருந்தால் கார் 80 மீற்றருக்கு மேல் போய்விடும். போனைக் கையில் பிடித்ததற்கு ஒன்ராறியோவில் முதல்தடவையே 615 டொலர் தண்டம், மூன்று புள்ளிகள், சில நாள் லைசென்ஸ் பறிப்பு. 'கார்தான் ஓடிக்கொண்டிருந்தது' என்பது அதற்கு ஒரு சாட்டு இல்லை.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 செக்கன் முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் அது ஒரு மனிதர் என்று சரியாக அடையாளம் காணவில்லை. காரைக் கண்காணிக்க உள்ளே இருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் குறை இருந்ததாக விசாரணை சொன்னது. ஆனாலும் குற்றவழக்கில் நின்றது உள்ளே இருந்தவர் மட்டுமே. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு.

சும்மா இருந்து பார்ப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம். அப்பா எனக்குப் பழைய கொரோலாவில் ஓட்டப் பழக்கினபோது, இல்லாத பிறேக்கைத் தன் காலால் அமத்திக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் என்னைவிட அவருக்குத்தான் களைப்பு. இந்தக் காரும் அப்படி ஒரு ஜி1 பிள்ளைதான். ஜி1 லைசென்ஸ்காரரை, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் இல்லாமல், 401இல் ஏற விடமாட்டார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் 401ஐயே கொடுத்துவிட்டு போன் பார்த்தேன்.

வாற வைகாசியில் மகளுக்கு 16. ஜி1 எழுதப்போகிறாள். அவளை ஓட்டப் பழக்கப்போவது நான்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் பின் சீட்டில் இருந்து எத்தனையோ வருசமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்ப என் போன் பின் சீட்டில், மகளின் பையில். ரோட்டு வேலை, மழை, பனி என்றால் அந்த வசதியை நிற்பாட்டிவிடுவேன். மற்ற நேரம் போட்டாலும் இரண்டு கையும் ஸ்ரியரிங்கில்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வந்தபோது பம்பரில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தார்.

"என்னடா, இடிபட்டதோ?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை அப்பா. நான் இடிச்சிட்டன்."