ஹவுள் கரையின் நிறம்



கொற்கைக்கு அருகே எங்கள் மதரஸாவில், ஹவுளைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரைக்கு நிறமூட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மேலே பெயிண்ட் அடித்தால் செலவு குறைவு என்றனர் பலர். வக்ஃபுப் பணம் அமானிதம் ஆதலால், எது நீடிக்கும் என்பதையும் ஆராய்ந்தோம்.

பெயிண்ட் தரையின் மேல் படலமாக நிற்பது; அடியிலிருந்து ஈரம் ஏறினால் உரிந்துவிடும். அமிலச் சாயம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து நிலைக்கும். ஆயினும் நிறம் எங்கும் ஒரே சீராக அமையாது. மூன்றாவது வழி, நம் முன்னோர் வீடுகளின் செந்தரை. இரும்பு ஆக்சைடான காவியைச் சிமெண்டிலேயே கலந்து, தளம் இறுகுமுன் பூசித் தேய்ப்பார்கள். ஆத்தங்குடி ஓடுகளின் மேலடுக்கிலும் நிறம் இவ்வாறே சிமெண்டோடு கலந்திருக்கிறது. மேற்பரப்பு சற்றுத் தேய்ந்தாலும் நிறம் போகாது. காவி, சிமெண்டின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மிகுந்தால் உறுதி குன்றும். முதியோர் ஒளூச் செய்யும் இடமாதலால், வழுக்கும் மெருகும் வேண்டாம். இவ்வாறு காவியையே தேர்ந்தோம்.

அல்-பகரா அத்தியாயத்தின் 138ஆம் வசனம் மார்க்கத்தை ‘ஸிப்கா’ என்னும் சொல்லால் குறிக்கிறது. துணியைச் சாயத்தில் தோய்ப்பதைச் சுட்டும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. சாயம் நூலுக்குள் ஊறுகிறது. தொழுகை வரிசையில் தெரியும் நிறம், கடைத் தராசிலும், மனைவி மக்களிடம் பேசும் பேச்சிலும் உரியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.

அல்லாஹ் நம் உள்ளங்களில் ஈமானை ஊறச் செய்வானாக! ஆமீன்.